கீழே இருக்கிற அப்பா

ஒரு பிள்ளை தன் தகப்பனுக்கு முன்னால் நின்றுகொண்டே, "அப்பா எங்கை?" என்று கேட்டால் தாய் என்ன பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி என்னிடம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பதில் இன்னும் இல்லை.

சென்ற கிழமை கிளாலிக் கடலைக் கடந்து, பிள்ளைகள் இரண்டோடும் கொழும்புக்கு வந்துசேர்ந்ததை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஒழுங்காக எழுதுவதென்றால் இந்தக் கிழமை விமானப் பயணம் வர வேண்டும். எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை. நாங்கள் கனடா வந்த முதல் சனிக்கிழமை போன மோல், அந்தப் பெரிய கடைத்தொகுதிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அன்று இவர், என் கணவர், விடியவே எழும்பி, சவரம் செய்து, மகன் சேந்தனுக்குத் தன் கையாலேயே சப்பாத்துப் போட்டுவிட்டார். வெளியே பனி. மோலுக்கு உள்ளே வெக்கை. பொரித்த மாவின் வாசமும் வாசனைத் தண்ணீரின் வாசமும் கலந்து முகத்தில் அடித்தன. நடுவில் ஓடுகிற படி. மகள் வதனி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, பாதி வழியில் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சேந்தன் படிக்கு முன்னால் குந்திவிட்டான்.

"வா மகன். மேலைதான் விளையாட்டுச் சாமான் கடை," என்றார் இவர்.

"மேலை வேண்டாம்."

"ஏன்ரா? நீ நடக்கவும் தேவையில்லை. சும்மா நிண்டால் அது கொண்டுபோகும்."

"மேலை கண்ணாடி. வானம் தெரியுது."

"தெரிஞ்சால் என்ன?"

"எங்களுக்குத் தெரிஞ்சால் அவைக்கும் எங்களைத் தெரியும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அந்த வாக்கியம் என்னுடையது. எங்கள் ஊர் கோப்பாயில், விமானச் சத்தம் கேட்டு வளவுக்குள் ஓடும்போதெல்லாம் நான் சொன்னது.

சேந்தன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கார் நிறுத்தும் நிலவறைக்கு இறங்கும் சீமெந்துப் படிகளைத் தானே கண்டுபிடித்தான். கீழே பதிந்த கூரை. அரை வெளிச்சம். ஈரச் சுவர். ஒரு தூணோடு சாய்ந்து உட்கார்ந்து, கப்பலில் வந்தவன் கரை கண்டதுபோல ஒரு மூச்சு விட்டான்.

"இனி அடுத்த தட்டு எங்கை?" என்று இவரைக் கேட்டான்.

"இதுக்குக் கீழை ஒண்டும் இல்லை, மகன். மண்தான்."

சேந்தன் சிரித்தான். ஒன்றும் தெரியாத பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு.

ஏறுகிறாரா, இறங்குகிறாரா

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

இவர் வெளிநாடு போனபோது சேந்தன் என் வயிற்றில். வதனிக்கு நாலு வயதிருக்கும். பிறகு சண்டையில் பாதைகள் பூட்டுப்பட்டன. கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் பல மாதம் இல்லை. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த ஒருவர், சட்டைப்பைக்குள் மடியாமல் ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தார். ஓடுகிற படி ஒன்றில் இவர் மண்ணிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒருவரும் இல்லை. "நான் வேலை செய்யிற மோல். இஞ்சை எல்லாக் கடையும் ஒரு கூரைக்குக் கீழை. நான் நிலம் துடைக்கிற மெசின் ஓட்டுறன்," என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

கோட்டு இரவல் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்னொன்றும் தெரியவில்லை. அந்தப் படத்தில் இவர் ஏறுகிறாரா, இறங்குகிறாரா என்று எவ்வளவு பார்த்தாலும் சொல்ல முடியாது. படி ஓடுகிறது, படம் ஓடவில்லை.

நான் மோல் கண்டவள் அல்ல. நான் கண்ட பெரிய கடை யாழ்ப்பாணத்துப் புடவைக்கடைகள்தான். அவையும் எரிந்தும் இடிந்தும் போய்விட்டன. பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவள். பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன்.

பனங்குற்றிக்குக் கீழே

எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் பொதுவாக ஒரு பங்கர், பதுங்கு குழி, இருந்தது. பக்கத்து வீட்டு மணியம் அண்ணை வெட்டியது. செம்மண்ணில் படி செதுக்கி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தார். அவரும் மனைவி பூரணம் அக்காவும் அவர்களுடைய இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் நாங்கள் மூவரும் அதற்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருப்போம்.

சேந்தனுக்கு இரண்டரை வயதிருக்கும்போது அவன் பங்கருக்குள் இறங்க மறுத்தான். இருட்டு, தவளை, பூரான். வாசலில் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு அலறுவான். ஒருநாள் காலை பொம்மர் விமானம் தலைக்கு மேலே வட்டம் போடுகிறது, இவன் இறங்குகிறான் இல்லை. தூக்கினால் வில்லாக வளைகிறான். அப்போது என் வாயில் வந்தது:

"மகன், இது ஓடுற படி. அப்பான்ரை மோலுக்குப் போற படி. இதிலை நிண்டால் கீழை கொண்டுபோகும்."

அலறல் நின்றது. "அப்பா கீழையோ?"

"ஓம்."

அவன் முதல் படியில் கால் வைத்து, படத்தில் இவர் நிற்பதுபோல ஒரு கையைப் பக்கத்து மண்ணில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். நான் பின்னாலிருந்து இடுப்பில் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவன் பங்கருக்கு அழவில்லை.

இதை எழுதும்போது சரி என்றுதான் படுகிறது. வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அங்கேயே நிறுத்தியிருக்கலாமோ என்றும் படுகிறது. நான் நிறுத்தவில்லை. உள்ளே போனால் நேரம் போக வேண்டுமே. முதலாம் தட்டில் சவுக்காரம், இரண்டாம் தட்டில் வானொலிக்குப் பற்றறி, அதற்குக் கீழே மண்ணெண்ணெய் என்று, எங்களுக்கு அப்போது கிடைக்காத எல்லாவற்றையும் அடுக்கிவைத்தேன். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"தங்கச்சி, உம்மடை கடையிலை சுருட்டு இருக்கோ?" என்பார் மணியம் அண்ணை.

"மூண்டாம் தட்டிலை கேட்டுப் பாருங்கோ அண்ணை."

"உந்தாளை இறங்க விடாதையும்," என்பார் பூரணம் அக்கா. "உவர் அங்கையே பாய் போட்டிடுவார். எனக்கு முதலாம் தட்டிலை ஒரு சவுக்காரக் கட்டி காணும்."

தூரத்தில் குண்டு விழுந்தால் சத்தம் காதுக்கு வரமுன் மண்ணுக்கு வரும். முதுகு வைத்திருக்கும் சுவர் உறுமும். சேந்தன் கேட்டான், "அம்மா, கீழை என்ன சத்தம்?"

பெட்டைகள் இரண்டும் காதுக்குள் விரல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"அப்பான்ரை மெசின்," என்றேன். "கீழ்த்தட்டைத் துடைக்கிறார்."

அவன் குப்புறப் படுத்து நிலத்தில் காதை வைத்தான். அன்று சத்தம் வெகுநேரம் ஓயவில்லை. மணியம் அண்ணைதான் கடைசியில், "உம்மடை மனுசனுக்கு இண்டைக்கு ஓவர்டைம் போலை," என்றார். சிரித்தோம். பூரணம் அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்பாவைப் பாக்கலாமோ?" என்று அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான். "இன்னும் ஒரு தட்டுக் கீழை," என்பேன்.

வெங்காய மூட்டைகள்

மோல் ஏன் நிலத்துக்குக் கீழே இருக்கிறது என்பதற்குக் காரணத்தை நான் சொல்லவில்லை. அதை அவனாகவே கண்டுபிடித்தான்.

ஒருநாள் இருவரையும் சைக்கிளில் வைத்துச் சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வதனி பின்னால், சேந்தன் முன் பாரில். வெங்காயம் மலைபோலக் கிடந்தது. வெளியே அனுப்ப வழியில்லை. "இது மோலோ?" என்றான். "இல்லை, இது சந்தை," என்று சொல்லி முடிக்கவில்லை, ஹெலிகொப்டர் வந்துவிட்டது. சந்தை முழுவதும் ஒரே நேரத்தில் படுத்தது. நாங்கள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. நல்லவேளை அன்று எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. எழும்பியபோது மூவருக்கும் கண்ணில் நீர். வெங்காயமா பயமா தெரியாது.

வரும் வழியில் சேந்தன் சொன்னான்: "மேலை இருக்கிற கடைக்கு ஹெலி வரும். அதுதான் அப்பா கீழை கட்டினவர்."

கட்டினவர். துடைப்பவர் அல்ல, கட்டியவர். நான் திருத்தவில்லை. படிப்பித்த காலத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டாலும் திருத்தியவள் நான்.

மாரி

அந்த மாரி மழைக்குப் பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மணியம் அண்ணை வாளியால் அள்ளி ஊற்றினார். சேந்தன் பால்மாத் தகரப் பேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவரோடு நின்று அள்ளினான். உதடு நீலமாகும்வரை அள்ளினான். "விடு மோனை, நான் அள்ளுறன்," என்றார் அண்ணை.

"அப்பா கீழை நனைஞ்சிருப்பார்."

மணியம் அண்ணை வாளியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர், "அப்ப கெதியா அள்ளு," என்று மட்டும் சொன்னார்.

வதனி அன்று பின்னேரம் அடுப்படியில் என்னிடம் வந்தாள். "அம்மா, கீழை ஒண்டும் இல்லை எண்டு நான் அவனுக்குச் சொல்லட்டே?"

"வேண்டாம் பிள்ளை. பிறகு அவன் இறங்கமாட்டான்."

கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "எனக்கும் விருப்பம்தான்," என்றாள். எதற்கு விருப்பம் என்று நான் கேட்கவில்லை.

தொலைபேசியில்

கொழும்பு லொட்ஜில்தான் சேந்தன் முதன்முதலாகத் தகப்பனோடு கதைத்தான். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, நீங்கள் கீழையோ இருக்கிறியள்?"

இவர் அப்போது இன்னும் ஐந்து பேரோடு ஒரு வீட்டின் நிலவறையில் குடியிருந்தார். "ஓம் மகன், கீழைதான் இருக்கிறன். உனக்கு ஆர் சொன்னது?" என்று சிரித்தாராம். சேந்தன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். எல்லாம் சரி என்பதுபோல.

நாங்கள் வருகிறோம் என்று இவர் அந்த நிலவறையை விட்டார். மனைவி பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்று, மாடிக் கட்டடம் ஒன்றில் உயரத்தில் வீடு எடுத்தார். யன்னலால் பார்த்தால் பாதி ஊர் தெரியும். விமானநிலையத்திலிருந்து வந்து லிஃப்டில் ஏறும்போது சேந்தன் என் காதுக்குள் கேட்டான், "ஏன் மேலை போறம்? இவர் ஆர்?"

நான் இவரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

மெசின்

மோலில் நடந்ததற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நெடுநேரம் யோசித்து, "மெசின் உண்மைதானே. அதைக் காட்டுவம்," என்றார்.

ஒரு ஞாயிறு காலை, கடைகள் திறக்க முன்னம், மேற்பார்வையாளரிடம் கேட்டு எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வெறுமையான மோல். இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் பொம்மைகள் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றன. இவர் நீல நிற வேலை உடுப்பில், மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகனுக்கு முன்னால் நிறுத்தி, கல்யாணத்தன்றுகூட நான் கண்டிராத ஒரு வெட்கத்தோடு சிரித்தார்.

"பார் மகன். அப்பான்ரை மெசின்."

விசையைப் போட்டார். நிலம் உறுமியது. என் உள்ளங்காலுக்கு அது தெரிந்த கணமே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

சேந்தன் குப்புற விழுந்தான். விரல்கள் காதுக்குள். வாய் திறந்தபடி. அவ்வளவும் குண்டு விழும்போது செய்யச்சொல்லி நான் பழக்கியது. வதனியும் பாதி குனிந்துவிட்டு, வெட்கப்பட்டு நிமிர்ந்தாள். ஆனால் அவன் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு விரலை எடுத்து, அந்தக் காதைப் பளிங்கு நிலத்தில் வைத்துக் கேட்டான். முகம் மலர்ந்தது.

"அம்மா, அப்பான்ரை மெசின்தான். கிட்டக் கேக்குது." பிறகு தலையைத் தூக்கி, மெசினின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இவரையும் என்னையும் பார்த்தான். "அப்பா எங்கை?"

இவர் மெசினை நிறுத்தினார். வயரைச் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

இப்போது

அது வசந்தத்தில் நடந்தது. பிறகு சேந்தன் பள்ளிக்கூடம் போனான், இங்கத்தைய பாஷையில் சண்டை பிடிக்கவும் பழகிவிட்டான். இவரை, "இஞ்சருங்கோ" என்று நான் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுவான். அப்பா என்று ஒரு நாளும் இல்லை. இவர் அதற்கும் "ஓம், சொல்லு," என்பார். மெல்ல மெல்ல மாறும் என்று இருந்தோம்.

இந்தக் குளிர் தொடங்கியபோது ஊர்ச்செய்தி வந்தது. இராணுவம் முன்னேறி வர எங்கள் வலிகாமத்துச் சனம் எல்லாம் ஊரை விட்டு எழும்பிவிட்டது, கோப்பாயில் ஒருவரும் இல்லை, மழைக்குள் நடந்து சாவகச்சேரிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். மணியம் அண்ணை வீட்டார் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. நான் தொலைபேசியை வைத்துவிட்டு அழுதபோது சேந்தன் பக்கத்தில் நின்றிருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

"எல்லாரும் போட்டினமோ?"

"ஓம் குஞ்சு."

"அப்ப தண்ணி ஆர் அள்ளுறது? அப்பா தனியவெல்லோ?"

அன்றிலிருந்து அவன் கட்டிலில் படுப்பதில்லை. கம்பளத்தில் காதை வைத்துக் கிடக்கிறான். கீழ் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிறான். கேட்காவிட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறான்.

போன கிழமை இவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்: "மோலிலை, கார் விடுற இடத்திலை, நான் போய் நிக்கிறன். நீ அவனைப் படியாலை கூட்டிக்கொண்டு இறங்கி வா."

"வந்து?"

"அங்கை நான் நிப்பன். அவ்வளவுதான்."

"அது பொய்யெல்லோ?"

"நான் பொய்யே?"

அவருடைய சாப்பாட்டுப் பையை வாங்கி வைத்தேன். பிறகு கேட்டேன், "வீட்டிலை மேலை இருந்தவர் எங்கை எண்டு அவன் கேட்டால்?"

இவர் கதவுப் பிடியைத் தடவினார். "கேக்கட்டும்," என்றார். "அப்பவெண்டாலும் என்னைத் தேடுவான்."

அடுத்த நாள் அந்த மண்ணிறக் கோட்டைத் தேடிப்பிடித்து இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் சொந்தக்காரர் வேறு ஊருக்கு மாறிவிட்டாராம். பேருந்து மாறி மாறிப் போயிருக்கிறார். படத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது, முழங்கையில் மட்டும் தேய்ந்திருக்கிறது. இப்போது எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சேந்தன் அதன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை கோட்டு?" என்று கேட்டான். "இரவல்," என்றேன். நெடுங்காலத்துக்குப் பிறகு அவனிடம் நான் யோசிக்காமல் சொன்ன உண்மை அதுதான்.

சனிக்கிழமை போவோம் என்று இவர் பிடியாக நின்றார். "கொஞ்சம் பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்," என்றேன். "ஆரை?" என்றார். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

உங்களில் பலர் பங்கருக்குள் பிள்ளை வளர்த்தவர்கள். நானும் என் பிள்ளையும் இறங்கியதுபோல ஏதோ ஒன்றைச் சொல்லி இறங்கியவர்கள். உங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படித் திரும்ப மேலே கூட்டிக்கொண்டு வந்தீர்கள்? கீழே ஒன்றும் இல்லை என்று அவனுக்குச் சொல்லட்டுமா? அல்லது ஒரேயொரு முறை, கடைசி முறையாக, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளால் இறங்கட்டுமா? தெரிந்தவர்கள் இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை கோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.